விலக்கிய பகுதியிலிருந்து தப்பிய விதி

மனிதர் யாரும் எழுதாத ஒரு பாதுகாப்புக் கொள்கை அது. சில வரிகள்தான். பெயர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு எழுத்துகள், கோப்புப் பாதை இருக்க வேண்டிய இடம் வெறுமை, எண் வரம்பு ஒன்றில் தொடங்கிப் பூஜ்யத்தில் முடிகிறது. ஓஎஸ்எஸ்-ஃபஸ் என்ற தானியங்கிச் சோதனை அமைப்பு குருட்டாம்போக்கில் கோத்துக் கொடுத்த அந்தச் சரத்தை எஸ்இலினக்ஸின் கொள்கைக் கம்பைலர் வாசித்தது. வாசித்து, அதில் ஒரு தவறு இருப்பதைச் சரியாகவே கண்டுபிடித்து, அந்தத் தவறைப் பயனருக்குச் சொல்ல வாயெடுத்த நேரத்தில் விழுந்து நின்றுபோனது.

எந்த நிர்வாகியும் இப்படியொரு கொள்கையை எழுதப்போவதில்லை என்று இதைத் தள்ளிவிடலாம். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் இந்தக் கோளாறுக்குச் சிவிஇ-2021-36087 என்று எண் கிடைத்தது. தீவிரத்தன்மை மதிப்பீடும் குறைவாகவே வந்தது. ஆனால் திருத்தத்தை எழுதியவர் அந்த விபத்திலிருந்து பின்னோக்கி நடந்து போய்ச் சேர்ந்த இடம், விபத்தைவிடப் பெரியது. விலக்கிவிட்டேன் என்று கம்பைலர் சொன்ன ஒரு பகுதியின் சரக்கு, கொள்கையின் வேறொரு மூலையில் உயிரோடு இருந்தது. பாதுகாப்புக் கொள்கை எழுதுகிறவர்களுக்கு இதைவிடக் கவலைக்குரிய செய்தி அதிகம் இருக்காது.

எஸ்இலினக்ஸ் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வழக்கமான லினக்ஸில் ஒரு கோப்பின் சொந்தக்காரர் யார், அதன் குழு எது என்பதை வைத்து அனுமதி தீர்மானமாகிறது. ரூட் என்ற பெரிய பயனருக்கு ஏறக்குறைய எதுவும் தடையில்லை. ஆகவே ரூட் அதிகாரத்தில் ஓடும் ஒரு சேவையை ஒருவர் கைப்பற்றினால் கணினி முழுவதும் அவருக்குத் திறந்துவிடும். எஸ்இலினக்ஸ் இதன்மேல் இன்னொரு காவலை வைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், ஒவ்வொரு கோப்புக்கும், ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஒரு லேபிள் உண்டு. அந்த லேபிளின் முக்கியப் பகுதிக்கு வகை என்று பெயர். எந்த வகை நிரல் எந்த வகைப் பொருளை என்ன செய்யலாம் என்று கொள்கையில் வெளிப்படையாக எழுதியிருந்தால்தான் நடக்கும். எழுதாத எல்லாமே மறுக்கப்படும். வலைச் சேவையகம் வலைப்பக்கக் கோப்புகளைப் படிக்கலாம் என்று ஒரு விதி இருக்கும். கடவுச்சொல் கோப்பைப் படிக்கலாம் என்று விதி இல்லையென்றால், சேவையகத்தைக் கைப்பற்றியவர் ரூட்டாகவே இருந்தாலும் லினக்ஸின் மையமான கெர்னல் கதவைத் திறக்காது.

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை இதை 2000 டிசம்பரில் திறந்த மூலமாக வெளியிட்டது. 2003இல் லினக்ஸின் 2.6 கெர்னலோடு சேர்ந்தது. ஃபெடோராவும் ரெட் ஹேட்டும் முதலில் எடுத்துக்கொண்டன. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0இலிருந்து ஆண்ட்ராய்டு போன்களில் முழுமையாக அமலில் இருக்கிறது. இதைப் படிப்பவர்களில் பலருடைய சட்டைப்பையிலும் கைப்பையிலும் இந்தக் காவல் இப்போது ஓடிக்கொண்டிருக்கும்.

கெர்னலுக்கு மனிதர் எழுதிய கொள்கையைப் படிக்கத் தெரியாது என்பதில்தான் கம்பைலரின் கனம் தொடங்குகிறது. ஆயிரக்கணக்கான வகைகளும் அவற்றைப் பற்றிய பல்லாயிரம் விதிகளும் கொண்ட உரையைக் கம்பைலர் எடுத்து, கெர்னல் ஏற்றிக்கொள்ளக்கூடிய ஒரே பைனரிக் கோப்பாக மாற்றுகிறது. அதனுள்ளே முக்கியமானது ஒரு பெரிய அட்டவணை. கேட்கிற நிரலின் வகை, கேட்கப்படும் பொருளின் வகை, அந்தப் பொருள் கோப்பா கோப்புறையா சாக்கெட்டா என்ற இனம் ஆகிய மூன்றையும் கொடுத்தால் அட்டவணை ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண்ணுக்கு 32 பிட்கள். ஒவ்வொரு பிட்டும் ஓர் அனுமதி: படிக்கலாம், எழுதலாம், திறக்கலாம், பெயர் மாற்றலாம். ஒரு பிட் ஒன்றாக இருந்தால் உண்டு, பூஜ்யமாக இருந்தால் இல்லை. கொள்கை எழுதியவர் நாள்கணக்கில் யோசித்ததும் விவாதித்ததும் கடைசியில் இந்தப் பிட்களாக வந்து நிற்கின்றன.

அதற்குப் பிறகு கேள்வியே கிடையாது. கோப்பின் அமைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று கெர்னல் பார்க்கும். பொருள் சரியா என்று பார்க்காது. பார்க்கவும் அதற்கு வழியில்லை. இதற்கு நல்ல உதாரணம் நெவர்அலோ என்ற விதி. எந்தச் சூழலிலும், எவர் எழுதினாலும், இந்த வகைக்கு இந்த அனுமதி போகவே கூடாது என்று உறுதி கேட்கும் விதி அது. கம்பைலர் எல்லா அனுமதிகளையும் விரித்துப் பார்த்து, ஒன்றாவது மீறினால் கொள்கையை உருவாக்க மறுத்துவிடும். ஆனால் இந்த நெவர்அலோ விதிகள் கெர்னலுக்குப் போகும் பைனரியில் இருப்பதில்லை. கம்பைலர் சரிபார்த்த கணத்தோடு அவற்றின் வேலை முடிந்துவிடும். கம்பைலரில் அந்தச் சரிபார்ப்பு தவறினால், பின்னால் பிடிக்க ஆளில்லை. ஆண்ட்ராய்டு இதைப் பெரிய அளவில் நம்பியிருக்கிறது: போன் தயாரிப்பாளர்கள் கடக்க வேண்டிய இணக்கச் சோதனைகளில் கூகுளின் நெவர்அலோ விதிகளை அவர்களுடைய கொள்கை மீறுகிறதா என்பதும் ஒன்று.

இன்னொன்றும் உண்டு. ஆண்ட்ராய்டு 8.0இலிருந்து கொள்கை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி இயங்குதளத்தோடு வரும், மற்றப் பாதி போன் தயாரிப்பாளரின் பகுதியோடு வரும். முன்கூட்டியே கம்பைல் செய்த கோப்பு இரண்டுக்கும் பொருந்தினால் போன் அதை ஏற்றிக்கொள்ளும். பொருந்தாவிட்டால், போன் துவங்கும்போதே, திரையில் சின்னம் தெரிகிற அந்த விநாடிகளில், போனுக்குள் இருக்கும் கம்பைலர் ஓடி இரண்டு பாதிகளையும் சேர்த்துப் புதுக் கொள்கையை உருவாக்கும். நிரலாளரின் மேசையில் இருக்கும் கருவி என்றே கம்பைலரை நினைத்துப் பழகிவிட்டோம். இங்கே அது பயனரின் கையில், அவருக்குத் தெரியாமல் ஓடுகிறது. அது தவறினால் போன் துவங்காமல் நிற்கும், அல்லது தவறான காவலோடு துவங்கும்.

இந்த இரண்டில் எது மோசம்? துவங்காத போன் உடனே கடைக்கு வரும்; யாராவது காரணம் தேடுவார்கள். தவறான காவலோடு துவங்கியதை யாரும் தேடமாட்டார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு வகைகளை ஒரு கூட்டுப்பெயரின்கீழ் சேர்த்து, இவை ஒவ்வொன்றும் தன்னைத்தானே கண்காணிக்கலாம் என்று ஒரு விதி எழுதுகிறோம். கொள்கை மொழியில் இதற்கென்று ஒரு சொல் இருக்கிறது. அது அந்தந்த வகையை அதனோடு மட்டும் இணைக்கும். சரியாக விரித்தால் 100 இணைகள். கம்பைலர் அதைக் கூட்டுப்பெயர் முழுவதோடும் இணைத்துவிட்டால் 10,000 இணைகள். பிழைச் செய்தி வராது, நிரல்கள் எல்லாம் முன்னைவிடச் சுமுகமாக ஓடும், பதிவேட்டில் மறுப்பு ஒன்றுகூட இருக்காது. 9,900 கதவுகள் திறந்து கிடக்கும். இது நான் விளக்கத்துக்காகக் கற்பித்த நிலைமை. ஆனால் கொள்கைக் கம்பைலரின் திருத்தம் ஒன்றைப் பரிசீலிப்பவர் மனத்தில் எப்போதும் வைத்திருக்க வேண்டிய நிலைமை. விழுந்த நிரல் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. விழாமல் தவறாக நடப்பதைத்தான் மனிதர் கண்ணால் தேட வேண்டியிருக்கிறது.

இனி அந்தச் சில வரிக் கொள்கைக்கு வரலாம். அது சிஐஎல் என்ற இடைநிலை மொழியில் இருந்தது. மனிதர் எழுதும் மேல்நிலைக் கொள்கை முதலில் இந்த மொழிக்கு மாறி, பிறகு பைனரியாகிறது. பலர் நேரடியாகவும் எழுதுகிறார்கள். எஸ்இலினக்ஸ் கருவித்தொகுப்பில் 2015இலிருந்து இது இருக்கிறது. இதில் நமக்கு வேண்டியவை இரண்டு வசதிகள்.

முதலாவது பிளாக். தொடர்புடைய அறிவிப்புகளையும் விதிகளையும் ஒரு பெயரின்கீழ் அடைத்து வைப்பது. வேறோரிடத்தில் பிளாக்இன்ஹெரிட் என்று எழுதி அந்தப் பெயரைச் சொன்னால், பிளாக்கின் உள்ளடக்கம் முழுவதும் அங்கே நகலெடுக்கப்படும். பத்துச் சேவைகளுக்கு ஒரே மாதிரிக் கொள்கை வேண்டுமென்றால் ஒரு முறை எழுதிப் பத்து முறை வரவழைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஆப்ஷனல். ஒரு லினக்ஸ் விநியோகத்தில் அச்சுச் சேவை நிறுவப்பட்டிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் மட்டும் பொருந்த வேண்டிய விதிகளை ஆப்ஷனல் என்ற பகுதிக்குள் வைப்பார்கள். உள்ளே சொல்லப்பட்ட பெயர்களில் ஒன்று கொள்கையில் எங்குமே இல்லையென்றாலும், அந்தப் பகுதி முழுவதும் சத்தமில்லாமல் விலக்கப்படும். பாதியை வைத்துக்கொள்வது கிடையாது. இதுதான் கம்பைலர் கொள்கை எழுதுபவருக்குக் கொடுத்திருக்கும் வாக்கு: எல்லாம் உண்டு, அல்லது எதுவும் இல்லை.

வாக்கைக் காப்பாற்றுவது கம்பைலருக்கு எளிதல்ல. உரையைப் படித்து முதலில் ஒரு தொடரியல் மரம் கட்டுகிறது. பிறகு அந்த மரத்தின்மேல் பல சுற்றுகள் நடந்து பெயர்களைத் தீர்க்கிறது. முதல் சுற்றுகளில் பிளாக்குகளை நகலெடுப்பது போன்ற கட்டுமான வேலைகள் நடக்கும். அதன்பின் மேக்ரோ அழைப்புகள், அதாவது பெயர் சொல்லி அழைத்து விரிக்கும் விதித் தொகுப்புகள். அதற்கும் பின்னால்தான் வகைகள், விதிகள், லேபிள்கள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் பொருத்தும். இந்தப் பிந்தைய சுற்றுகளில் ஓர் ஆப்ஷனல் தோற்றால், அதை மரத்திலிருந்து வெட்டி, அதன் நினைவகத்தை விடுவித்து, இதுவரை தீர்த்ததை அழித்து, மறுபடி தொடங்க வேண்டும். எங்கிருந்து? மேக்ரோ அழைப்புகளிலிருந்து. முதலில் நடந்த நகலெடுப்புச் சுற்றுகளுக்குத் திரும்புவதில்லை.

இப்போது அந்த இயந்திரச் சரம் செய்ததைப் பார்க்கலாம். அதில் ஓர் ஆப்ஷனல். அதனுள்ளே, கொள்கையில் எங்குமே இல்லாத ஒரு பெயரைச் சொல்லும் வாக்கியம் ஒன்று. ஆகவே அந்த ஆப்ஷனல் கட்டாயம் தோற்கும். அதே ஆப்ஷனலுக்குள் ஒரு பிளாக்கும் இருக்கிறது. ஆப்ஷனலுக்கு வெளியே, மரத்தின் உச்சியில், அந்தப் பிளாக்கை நகலெடுக்கச் சொல்லும் பிளாக்இன்ஹெரிட். வரிசைப்படி முதலில் நகலெடுப்பு நடந்தது: உள்ளே இருந்த சரக்கு வெளியே வந்துவிட்டது. பிறகு ஆப்ஷனல் தோற்றது: மூலப் பிளாக் அழிந்தது. நகல் அழியவில்லை. கம்பைலர் மேக்ரோ அழைப்புச் சுற்றிலிருந்து மறுபடி தொடங்கியதால் நகலெடுப்பை யாரும் மறுபரிசீலனை செய்யவுமில்லை.

நிலம் வாங்குகிறவர் கையில் நகல் பத்திரம் இருக்கிறது, தாய்ப்பத்திரமோ ரத்தாகிவிட்டது. வில்லங்கம் எழாதவரை அவர் சொந்தக்காரர் மாதிரியே நடமாடலாம். இங்கே வில்லங்கம் எப்படி எழுந்தது என்றால், அந்தப் பிளாக்கில் ஒரே பாதைக்கு இரண்டு லேபிள் வாக்கியங்கள் இருந்தன. முரண்பாடு என்று கண்ட கம்பைலர், இந்த வாக்கியம் எந்தக் கோப்பில், எந்த வரியிலிருந்து, எந்தப் பிளாக் வழியாக வந்தது என்று செய்தியில் சொல்வதற்காக மூலத்தைத் தேடிப் போனது. மூலம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. வெற்று முகவரியைத் தொட்டு விழுந்தது.

இப்படிப்பட்ட மூலைகளைக் கண்டுபிடிப்பது மனிதரால் ஆகிற காரியம் இல்லை. நிரல்களுக்குக் குப்பையை ஊட்டிச் சோதிக்கும் இந்தக் கலைக்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மில்லர்தான் தொடக்கம். 1988இல் இடிமழை இரவொன்றில் தொலைபேசி இணைப்பில் புகுந்த இரைச்சல் எழுத்துகள் யூனிக்ஸ் நிரல்களைக் கவிழ்த்ததைக் கண்டு, அதையே தம் மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்தார். 1990இல் வெளியான முடிவு: சோதித்த எந்த யூனிக்ஸ் வகையிலும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரையிலான கருவிகள் விழுந்தன. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டைக்குப் பிறகு, கூகுள் 2016இல் ஓஎஸ்எஸ்-ஃபஸை நிறுவி, முக்கியமான திறந்த மூல மென்பொருள்களை இரவும் பகலும் இப்படி அடித்துப் பார்க்கத் தொடங்கியது. நினைவகத்தைத் தவறாகத் தொட்ட கணத்திலேயே நிறுத்திக் காட்டும் கருவியும் கூடவே ஓடும்.

இயந்திரம் விழுந்த இடத்தைத்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது. சிவிஇ பதிவில் எழுதியிருப்பது, நெவர்அலோ சரிபார்ப்பின் வழியில் பிட்களை ஒப்பிடும் ஒரு செயற்கூறு ஒதுக்கிய நினைவகத்துக்கு வெளியே வாசிக்கிறது என்று. திருத்தத்தின் விளக்கத்தில் இருக்கும் உதாரணமோ பிழைச் செய்தி எழுதும் இடத்தில் விழுகிறது. பார்வைக்கு இரண்டும் இரண்டு ஊர், வேர் ஒன்று.

இங்கேதான் பரிசீலனை என்ற வேலையின் அருமை தெரிகிறது. இந்தக் கோளாறுக்குக் கையில் எட்டும் முதல் மருந்து ஒரு வரி: மூலம் வெற்றாக இருந்தால் தேடாதே என்று விழுந்த இடத்தில் ஒரு சோதனை. சரம் விழாது, பொறி பச்சை விளக்கு காட்டும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். பரிசீலிப்பவர் இந்த ஒரு வரியை ஏற்கக் கூடாது. அப்படி ஏற்றால், விலக்கிய பகுதியின் விதிகள் நகலாக உயிர்வாழ்வது அப்படியே இருக்கும்; அதைக் காட்டிக்கொடுத்த ஒரே அறிகுறியையும் நாமே துடைத்திருப்போம். அந்த நகலில் இருந்தது லேபிள் வாக்கியமாக இல்லாமல் அனுமதி விதியாக இருந்திருந்தால்? இந்தச் சேவை இல்லாவிட்டால் இந்த அனுமதியும் வேண்டாம் என்று எழுதியவர் நினைத்திருப்பார். அனுமதி பைனரிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். திருத்தத்தை எழுதியவர் தம் விளக்கத்திலேயே இதைத் தெளிவாக்கியிருக்கிறார்: ஒன்று ஒரு பிளாக்கிலிருந்து நகலெடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பிளாக் இருந்தே ஆக வேண்டும் என்று பிழைச் செய்தி எழுதும் பகுதி நம்பியது, அந்த நம்பிக்கை நியாயமானது. குற்றம் நம்பியவரிடத்தில் இல்லை, வாக்குத் தவறிய இடத்தில்.

இன்னும் இரண்டு வழிகளை ஒரு பரிசீலகர் எடைபோட்டுப் பார்ப்பார். தோற்ற ஆப்ஷனலை உடனே அழிக்காமல் கடைசிவரை நினைவகத்தில் வைத்திருப்பது ஒன்று. அப்போது முகவரி செல்லும், விழுகை நிற்கும், ஆனால் தப்பிய விதி தப்பியதாகவே இருக்கும். நகலெடுப்பு உட்பட முதல் சுற்றிலிருந்தே எல்லாவற்றையும் மறுபடி செய்வது மற்றொன்று. இது கொள்கையளவில் நேர்மையானது. ஆனால் அதற்குள் ஒரு சுழல் இருக்கிறது: நகல் வந்ததால்தான் சில பெயர்கள் கிடைத்தன, அந்தப் பெயர்கள் கிடைத்ததால்தான் வேறு ஆப்ஷனல்கள் தேறின, நகலை நீக்கினால் அவை தோற்கலாம், அவை தோற்றால் வேறு நகல்கள் போகும். எந்த வரிசையில் தீர்த்தாலும் ஒரே விடை வரும் என்று காட்டுவது லேசான வேலை இல்லை.

ஏற்கப்பட்ட திருத்தம் மூன்றாவது வழியில் போனது. ஆப்ஷனலுக்குள் பிளாக் இருக்கவே கூடாது என்று விதித்தது. பிளாக் மட்டுமா? பரிசீலிப்பவர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி இதுதான், திருத்தமும் இதற்கு முழுமையாகப் பதில் சொல்கிறது. மேக்ரோ அழைப்புகளுக்கு முன்பே தீர்க்கப்படுபவை எல்லாம் இதே நோய்க்கு ஆளாகும். மேக்ரோ வரையறை, வேறொரு பிளாக்குக்குள் சரக்கைச் செருகும் வாக்கியம், பிளாக்கை வார்ப்பு மட்டும் என்று குறிக்கும் வாக்கியம், கம்பைல் நேரத்தில் கொள்கையின் கிளைகளைத் தேர்ந்தெடுக்கும் மாறிகளின் அறிவிப்பு: இவை எதுவும் ஆப்ஷனலுக்குள் கூடாது. இயந்திரம் கண்டுபிடித்தது இவற்றில் ஒன்றைத்தான். மற்றவற்றை அது அடுத்த மாதமோ அடுத்த ஆண்டோ ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல், குடும்பத்தையே அடையாளம் கண்டது இந்தத் திருத்தத்தின் சிறப்பு.

அதைவிட எனக்குப் பிடித்தது, எதைத் தடுக்கவில்லை என்பது. பிளாக்இன்ஹெரிட் ஆப்ஷனலுக்குள் இருக்கலாம். அதுவும் முந்தைய சுற்றில் தீர்வதுதானே, அதையும் சேர்த்துத் தடைசெய்தால் பாதுகாப்பாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் நகல் போகும் திசையைப் பார்க்க வேண்டும். ஆப்ஷனலுக்குள்ளே இருக்கும் பிளாக்இன்ஹெரிட் வெளியிலிருந்து உள்ளே கொண்டுவருகிறது. ஆப்ஷனல் தோற்றால் வந்த நகலும் கூடவே அழியும்; மூலம் வெளியே பத்திரமாக இருக்கும். வாக்கு மீறப்படுவதில்லை. வெளியே கசியும் திசை மட்டுமே ஆபத்து. கோளாறின் வடிவத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவரால்தான் இவ்வளவு மட்டும் வெட்ட முடியும். தேவைக்கு மேல் தடுப்பதும் கொள்கை மொழிக்கு ஊறுதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருடைய கொள்கை காரணமில்லாமல் உடையும்.

சோதனையை இரண்டு இடங்களில் வைத்ததும் கவனிக்கத் தக்கது: மரம் கட்டும்போது ஒரு முறை, பெயர் தீர்க்கும்போது இன்னொரு முறை. முதலாவது, எழுதியவர் எழுதியதைப் பார்க்கும். ஆனால் மரம் கட்டி முடித்த பிறகும் நகல்கள் வந்து சேர்கின்றன. உள்ளே பிளாக் கொண்ட ஒரு பிளாக்கை ஆப்ஷனலுக்குள் வரவழைத்தால், யாரும் எழுதாமலேயே ஆப்ஷனலுக்குள் ஒரு பிளாக் முளைத்துவிடும். இரண்டாவது சோதனை அதைப் பிடிக்கும்.

இந்தக் கோளாறு இருந்த அதே 3.2 பதிப்பில் ஆப்ஷனலைச் சுற்றி இன்னும் மூன்று சிவிஇ எண்கள் உண்டு. 36084இலிருந்து 36086 வரை. மூன்றுமே விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடும் வகை. அவற்றில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்ல பயிற்சி.

சிஐஎல்லில் அனுமதிகளின் தொகுப்புக்குப் பெயர் வைத்து, வேறு வேறு இடங்களிலிருந்து அதில் சேர்த்துக்கொண்டே போகலாம். ஓர் ஆப்ஷனலும் தன் பங்கைச் சேர்க்கலாம். ஆப்ஷனல் தோற்றதும் அதன் பங்கு நினைவகத்திலிருந்து போய்விட்டது. தொகுப்பின் பட்டியலிலோ அதன் முகவரி அப்படியே கிடந்தது. அடுத்த சுற்றில் சரிபார்க்கப் போன கம்பைலர் பேய் முகவரியைத் தொட்டது. திருத்தம்: மறுதொடக்கத்தின்போது பட்டியலை அழித்துவிடு, பெயர் தீர்க்கையில் அது புதிதாக நிரம்பும். அதிலும் ஒரு நுணுக்கம். பட்டியலை மட்டும்தான் அழிக்க வேண்டும், அதில் குறிக்கப்பட்ட பங்குகளை அழிக்கக் கூடாது. அவை மரத்தின் வேறு கிளைகளுக்குச் சொந்தம்.

இன்னொன்று நேரெதிர். ஒரு விதி, பெயரிட்ட தொகுப்பு ஒன்றைப் பயன்படுத்தும்போது அதன் முகவரியைக் கடன் வாங்கி வைத்துக்கொள்கிறது. மறுதொடக்கத்தில் அந்த விதியைச் சுத்தம் செய்த பகுதி, கடன் வாங்கிய தொகுப்பையும் சேர்த்துச் சுத்தம் செய்தது. அந்தத் தொகுப்பு அதற்குள் போயிருந்தால் விபத்து. திருத்தம்: முகவரியை மட்டும் மறந்துவிடு, பொருளைத் தொடாதே. ஒரு திருத்தம் கூடுதலாக அழிக்கச் சொல்கிறது, மற்றது குறைவாக அழிக்கச் சொல்கிறது. ஆக்கியவர் யாரோ அவரே அழிக்க வேண்டும் என்ற ஒரே நியதிதான் இரண்டின் பின்னாலும் நிற்கிறது. மாற்றம் சில வரிகளே என்பதால் பரிசீலனையும் சில நிமிடங்களில் முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த நினைவகத்துக்கு யார் சொந்தம், எத்தனை பேர் கடன் வாங்கியிருக்கிறார்கள், எந்த வரிசையில் விடுவிக்கிறார்கள் என்று தேடிப் போனால் மாற்றத்தில் இடம்பெறாத நூற்றுக்கணக்கான வரிகளைப் படிக்க வேண்டிவரும். அந்தப் படிப்புதான் பரிசீலனை.

படித்து முடித்த பிறகும் கை நேரடியாக ஒப்புதலுக்குப் போகாது. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள கொள்கைகளை எடுத்து, திருத்தத்துக்கு முந்தைய கம்பைலரிலும் பிந்தையதிலும் கம்பைல் செய்து, இரண்டு பைனரிகளையும் ஒப்பிடலாம். பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் அர்த்தத்தை ஒப்பிட வேண்டும்; அதற்கு செடிஃப் என்றே ஒரு கருவி இருக்கிறது, எந்த அனுமதி கூடியது, எந்த அனுமதி குறைந்தது என்று விதிவிதியாகச் சொல்லும். எந்த வகைக்கும் ஓர் அனுமதிகூடப் புதிதாகக் கூடியிருக்கக் கூடாது. குறைந்திருந்தால், ஏன் என்று திருத்தத்தை எழுதியவரால் சொல்ல முடிய வேண்டும். ஆப்ஷனல் திருத்தத்தில் இந்த ஒப்பீடு தரும் விடை இரண்டில் ஒன்றுதான்: ஆப்ஷனலுக்குள் பிளாக் முதலான தடைசெய்த வாக்கியங்களை வைக்காத கொள்கை முன்போலவே வரும், வைத்த கொள்கை பிழைச் செய்தியோடு நின்றுவிடும். இடைப்பட்ட நிலை, அதாவது கம்பைல் ஆகி வேறு பொருளில் வருவது, கிடையாது. கொள்கைக் கம்பைலரில் ஒரு திருத்தத்துக்கு இதைவிடப் பெரிய தகுதிச் சான்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பழைய கொள்கை ஒன்று புதுக் கம்பைலரில் நின்றுபோவது சிலருக்கு எரிச்சலூட்டும். நேற்றுவரை ஓடியதே என்பார்கள். நேற்றுவரை அது எழுதியவர் நினைத்த பொருளில் ஓடியதா என்பதுதான் கேள்வி. ஆப்ஷனல் தேறியவரை ஓடியது, தோற்ற கணினிகளில் என்ன நடந்தது என்று யாரும் பார்த்ததில்லை. கொள்கை உருவாக்கும் மேசையில் சத்தமாக நிற்பது, சேவையகத்தில் மௌனமாகத் தவறுவதைவிட எவ்வளவோ மேல்.

திருத்தங்கள் 2021 அக்டோபரில் வெளியான 3.3 பதிப்பில் வந்தன. எந்த வாக்கியம் எதற்குள் இருக்கலாம், எதற்குள் கூடாது என்பது மொழிக் கையேட்டிலும் வெளிப்படையாக எழுதப்பட்டது. இதனால் நின்றுபோன கொள்கை வைத்திருப்பவருக்கு வழி கஷ்டமானதல்ல: உள்ளே இருந்ததை வெளியே எடுத்து, வெளியே இருந்ததை உள்ளே வைக்க வேண்டும். அதாவது பிளாக் வெளியே நிற்கட்டும், அதன் வயிற்றுக்குள் ஆப்ஷனல் இருக்கட்டும். அந்தப் பிளாக்கை எங்கே வரவழைத்தாலும் ஆப்ஷனலும் சேர்ந்தே நகலாகும். ஒவ்வொரு நகலும் தான் இறங்கிய இடத்தில் பெயர்கள் கிடைக்கின்றனவா என்று தனித்தனியாகத் தேறும் அல்லது தோற்கும். இழப்பது ஒன்றைத்தான்: பிளாக் என்ற பெயரே இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று இனி எழுத முடியாது. சேவை நிறுவப்படாத கணினியில் அந்தப் பிளாக் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.